வீட்டு அருகலைக் கண்ணி வலையமைப்பு

வீட்டு அருகலைக் கண்ணி வலையமைப்பு என்பது, ஒரே திசைவியைக் கொண்டு வீடு முழுவதும் இணையத்தைப் பரப்புவதற்கு மாறாக, ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களை வெவ்வேறு இடங்களில் வைத்து, அனைத்து அறைகளுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் உடைய வலையமைப்பை வழங்கும் முறை ஆகும். அருகலை என்பது வை-ஃபை என்று பரவலாக அறியப்படும் கம்பியற்ற உள்ளக வலையமைப்பின் தமிழ்ப் பெயர். பேச்சு வழக்கில் கண்ணி முறை மெஷ் என்றும், திசைவி ரௌட்டர் என்றும் வழங்கப்படுகின்றன. இணைய நிறுவனம் தரும் பெட்டியைப் பலர் மோடம் என்றே அழைக்கின்றனர்.

கண்ணி முறையைப் பற்றி அறிய முற்படுவோர், அது தேவைப்படாத வீடுகளே மிகுதி என்பதையும் சேர்த்து அறிதல் நல்லது. பல வீடுகளில் பழைய திசைவியை மாற்றுவதோ, இருக்கும் திசைவியை இடம் மாற்றி வைப்பதோ போதுமானதாக உள்ளது.

அலை குறைவதற்கான காரணங்கள்

அருகலை பெரும்பாலும் 2.4 கிகா ஏர்ட்சு, 5 கிகா ஏர்ட்சு ஆகிய இரு அலைப்பட்டைகளில் இயங்குகிறது. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ.; இரண்டாவதன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் வந்து சேரும் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். வீட்டினுள் இதனுடன் சுவர்களின் தடையும் சேர்கிறது. பொதுவாக 2.4 கிகா ஏர்ட்சு அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு, அண்டை வீட்டாரின் நெரிசலும் அதிகம். 5 கிகா ஏர்ட்சு அலை வேகமானது. ஆயின் ஓரிரு செங்கற் சுவர்களுக்குள் வலுவிழந்துவிடும்.

தடைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. மரக்கதவும் உலர்ந்த துணியும் அலையைச் சிறிதளவே குறைக்கின்றன. செங்கற் சுவர் அதைவிட மிகுதியாகவும், இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் மேலும் மிகுதியாகவும் குறைக்கின்றன. இரும்புப் பீரோ, தகரக் கூரை, நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு போன்ற உலோகப் பரப்புகள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. நீர் நிறைந்த தொட்டியும் ஈரத்துணிக் குவியலும் அலையை உறிஞ்சுகின்றன.

பெறப்படும் அலையின் வலிமை டெசிபெல்-மில்லிவாட் என்னும் அலகில் எதிர்ம எண்ணாகக் குறிக்கப்படுகிறது. −50 என்பது மிக நன்று. காணொளி உரையாடலுக்கு −67 அளவேனும் வேண்டும் என்பது வலையமைப்புத் துறையில் வழங்கும் கணக்கு. −80க்குக் கீழே சென்றால் இணைப்பு அடிக்கடி அறுபடும். ஒவ்வொரு 10 அலகு வீழ்ச்சியும் திறன் பத்தில் ஒன்றாகக் குறைந்ததைக் குறிக்கும்.

உணர்கொம்புகள் பல கொண்ட பெரிய திசைவியை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இணைப்பு இருவழிப்பட்டது. திசைவியின் குரல் கைப்பேசிக்குக் கேட்டாலும், பொதுவாக அதைவிடக் குறைந்த திறனில் பேசும் கைப்பேசியின் குரல் திசைவிக்குக் கேட்க வேண்டும். திரையில் அலைக்குறி நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பின்னலாடைப் பகுதியின் வீடுகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அமைந்துள்ள அருள்புரம், சாயப்பட்டறைகளும் அவற்றின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் உள்ள பகுதி. பனியன் தொழிலைச் சார்ந்த இத்தகைய ஊர்களில் வீடும் தொழிலிடமும் ஒரே கட்டடத்தில் இருப்பது புதிதன்று. கீழ்த்தளத்தில் பவர் டேபிள் எனப்படும் தையல் இயந்திர வரிசை, மேல்தளத்தில் குடியிருப்பு, அதற்கும் மேல் தகரக் கூரையிட்ட கிடங்கு என்னும் அமைப்பு அருகலைக்குக் கடினமானது. இணையக் கம்பிவடம் தெருப்பக்கம் நுழைவதால் திசைவியும் முன்னறையின் மூலையிலேயே பொருத்தப்பட்டுவிடுகிறது. அலையில் பாதி தெருவுக்குச் செல்கிறது. தளத்துக்கும் சுவருக்கும் அப்பால் உள்ள பின்னறைக்கு மிஞ்சுவது சிறிதே.

லைன் வீடுகளில் நிலைமை வேறு. அங்கே ஒரு வீட்டின் நீளம் சிக்கல் அன்று, நெருக்கமே சிக்கல். பத்து வீடுகளின் திசைவிகள் ஒரே சுவர் வரிசையில் இயங்கும்போது, 2.4 கிகா ஏர்ட்சுப் பட்டையில் ஒன்றன்மீது ஒன்று படியாத அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்று மட்டுமே. எஞ்சியோர் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். இத்தகைய வீட்டில் கண்ணிக் கணுக்களைக் கூட்டுவது நெரிசலையே கூட்டும். 5 கிகா ஏர்ட்சுக்கு மாறுவதே தீர்வு. அங்குச் சுவர் அலையைத் தடுப்பது குறையாகாமல் நன்மையாகிறது.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கோவிட்-19 பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், இக்குறைகள் வெறும் வசதிக்குறைவாக இல்லாமல் கல்வி இழப்பாக மாறின. இணைப்பு இல்லாத குடும்பங்களின் நிலை ஒருபுறமிருக்க, கட்டணம் செலுத்தி இணைப்புப் பெற்ற வீட்டிலும் இரு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு நடந்தால் ஒருவர் முன்னறைக்கு வர வேண்டியிருந்தது.

திசைவியை மாற்றுதல்

ஒளியிழை இணைப்புடன் வழங்கப்படும் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது: ஒளியிழைக் குறிகையை மின்குறிகையாக மாற்றுகிறது, அருகலையையும் பரப்புகிறது. முதல் வேலைக்கு அதனை அகற்ற இயலாது. இரண்டாவது வேலையை வேறொரு திசைவியிடம் ஒப்படைக்கலாம். அவ்வாறு செய்யும்போது பழைய பெட்டியைப் பாலமாக மட்டும் இயங்குமாறு அமைக்க இணைய நிறுவனத்திடம் கேட்பது வழக்கம். இல்லையெனில் முகவரி மாற்றம் இருமுறை நிகழ்ந்து, இணைய விளையாட்டுகளும் கண்காணிப்புக் கேமராக்களைத் தொலைவிலிருந்து காண்பதும் தடைப்படலாம்.

2009 இல் வெளியான 802.11என் தரத்தில் 2.4 கிகா ஏர்ட்சு மட்டும் கொண்ட பெட்டி இன்னும் இயங்கும் வீட்டில், இருபட்டைத் திசைவிக்கு மாறுவதே பெரும் வேறுபாட்டைத் தரும். 2013 இல் 802.11ஏசி தரமும், 2021 இல் வை-ஃபை 6 எனப்படும் 802.11ஏஎக்சு தரமும் இறுதி செய்யப்பட்டன. வை-ஃபை 7 கருவிகளுக்கான சான்றளிப்பு 2024 சனவரியில் தொடங்கியது. புதிய தரம் வேகத்தையும் நெரிசலைத் தாங்கும் ஆற்றலையும் கூட்டுகிறதே தவிர, கான்கிரீட் தளத்தை மெல்லியதாக்குவதில்லை. மலிவான சில திசைவிகளின் கம்பித் துளைகள் நொடிக்கு 100 மெகாபிட்டு அளவே கடத்துவன; 200 மெகாபிட்டு இணைப்புக்குப் பணம் கட்டுவோர் இதனை வாங்கும் முன் கவனிக்க வேண்டும்.

கண்ணி முறை செயல்படும் விதம்

கண்ணி அமைப்பில் ஒரு கணு இணையப் பெட்டியுடன் கம்பியால் இணைக்கப்படுகிறது. ஏனைய கணுக்கள் அதனிடமிருந்தோ தமக்குள்ளேயோ தரவைப் பெற்றுச் சுற்றியுள்ள கருவிகளுக்கு அளிக்கின்றன. கணுக்களுக்கு இடையிலான இணைப்பு பின்னிணைப்பு எனலாம். அமைப்பின் தரம் பெரும்பாலும் இதையே பொறுத்தது. ஒரே வானொலியைக் கொண்டு பெறவும் அனுப்பவும் செய்யும் கணுவில், ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். எளிய அலைநீட்டிப்பான்களின் குறையும் இதுவே. மூன்று பட்டைகள் கொண்ட கண்ணி அமைப்புகள் ஒரு பட்டையைப் பின்னிணைப்புக்கென ஒதுக்கி இதனைத் தவிர்க்கின்றன.

கணுவை எங்கு வைப்பது என்பதில் பலர் தவறுகின்றனர். அலை எட்டாத அறையிலேயே வைக்கப்படும் கணு, தானும் அலையைப் பெற இயலாமல் வலுவற்ற இணைப்பையே மறுபடி பரப்பும். அலை இன்னும் நன்றாக உள்ள இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் நடுவே, மாடிப்படித் திறப்பு போன்ற தடையற்ற இடத்தில் வைப்பதே முறை.

எந்தக் கணுவுடன் இணைவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கைப்பேசியே. மாடிக்குச் சென்ற பின்னும் கீழ்த்தளக் கணுவையே பற்றிக்கொண்டிருக்கும் கருவிகள் உண்டு. 802.11கே, 802.11வி, 802.11ஆர் ஆகிய துணைத்தரங்கள் இம்மாற்றத்தை எளிதாக்க உருவாக்கப்பட்டவை. எனினும் பழைய கைப்பேசிகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

கணுக்களைக் கம்பிவடத்தால் இணைக்க இயலுமானால் அதுவே சிறந்தது. 5இ வகைக் கம்பிவடம் 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட்டு கடத்தும். கம்பிவடம் இழுத்த வீட்டுக்குக் கண்ணி அமைப்பே தேவையில்லை என்றும் கூறலாம். ஒதுக்கி வைத்த பழைய திசைவியில் முகவரி வழங்கும் பணியை நிறுத்தி, முதன்மைத் திசைவியுடன் மோதாத முகவரியை அதற்கு அளித்து, அதே பெயரும் கடவுச்சொல்லும் இட்டு, வேறு அலைவரிசையில் இயக்கினால் ஏறத்தாழ அதே பயன் செலவின்றிக் கிடைக்கும். மின்கம்பி வழியே தரவு கடத்தும் கருவிகளும் உள்ளன. ஆனால் தையல் இயந்திர மோட்டார்கள் அதே மின்சுற்றில் ஓடும் வீடுகளில் அவற்றின் இரைச்சல் இவற்றைப் பாதிக்கும்.

வரலாறு

கண்ணி முறை வீட்டுக்காகத் தோன்றியதன்று. 2000களின் தொடக்கத்தில் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ரூஃப்நெட் திட்டம், கேம்பிரிட்சு நகரின் கூரைகளில் அருகலைக் கணுக்களை நிறுவி இணையத்தைப் பகிர்ந்தது. அதிலிருந்து 2006 இல் மெராக்கி நிறுவனம் பிறந்தது. 2012 இல் சிசுக்கோ அதனை வாங்கியது. கண்ணி முறைக்கான 802.11எஸ் தரம் 2011 இல் வெளியானது. 2016 இல் ஈரோ, கூகுள் வைஃபை ஆகியவை விற்பனைக்கு வந்த பின்னரே வீட்டுக் கண்ணி அமைப்பு பரவலாயிற்று. ஒரு நிறுவனத்தின் கணு மற்றொன்றுடன் இணையாத குறையைப் போக்க 2018 இல் ஈசிமெஷ் என்னும் பொதுத்தரம் அறிமுகமானது. இதனை எல்லா நிறுவனங்களும் பின்பற்றுவதில்லை.

இந்தியாவில் 2005 சனவரியில் 2.4 கிகா ஏர்ட்சுப் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இமாச்சலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் திபெத்திய ஏதிலியர் வாழும் பகுதியில், மாற்றியமைத்த எளிய திசைவிகளைக் கொண்டு சமூகக் கண்ணி வலையமைப்பு அமைக்கப்பட்டது. ஏர்ஜல்தி என்று பின்னர் அறியப்பட்ட இம்முயற்சிக்கு மழையையும் இடியையும் போலவே குரங்குகளும் தொல்லை தந்தன. தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்கிலி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவின் துணையுடன், சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களை நெடுந்தொலைவு அருகலையால் இணைத்தது. நோயாளி தன் ஊரிலேயே அமர்ந்து தேனியிலுள்ள மருத்துவரிடம் காணொளி வழியே பேச இது வழிசெய்தது. இது கண்ணி முறை அன்று. திசைநோக்கிய உணர்கொம்புகளால் இரு முனைகளை நேராக இணைக்கும் முறை ஆகும்.

5 கிகா ஏர்ட்சுப் பட்டையின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியேயும் உரிமமின்றிப் பயன்படுத்த 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. 6 கிகா ஏர்ட்சுப் பட்டையின் கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியாயின.

பகிர்தலும் பாதுகாப்பும்

அலைப்பரப்பு விரிவடையும்போது அது வீட்டெல்லையையும் கடக்கிறது. 2008 சூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பைக் குடியிருப்பு ஒன்றின் அருகலை இணைப்பு வழியே சென்றதாகக் கண்டறியப்பட்டு, இணைப்புக்குரியவர் விசாரணைக்கு உள்ளானார். இதன் தொடர்ச்சியாக 2009 இல் தொலைத்தொடர்புத் துறை அருகலையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கான அறிவுறுத்தல்களை வெளியிட்டது. லைன் வீட்டு உரிமையாளர் ஒரே இணைப்பைக் குடியிருப்போர் அனைவருக்கும் திறந்துவிடும்போது முதலில் கேள்விக்குள்ளாவது இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரே. விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பும் தனிக் கடவுச்சொல்லும் பெரும்பாலான கண்ணி அமைப்புகளில் உண்டு. இணையத்தைக் கட்டணத்துக்கு வழங்க விரும்பும் தேநீர்க் கடை, மளிகைக் கடை போன்றவற்றுக்கு, 2020 திசம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் உரிமக் கட்டணமின்றி வழி தருகிறது.

மின்வழங்கல்

மின்தடையின்போது திசைவிக்கு மட்டும் சிறிய மின்கல அடைவு வைத்திருக்கும் வீடுகளில், கண்ணிக்கு மாறிய பின் ஒரு புதிய சிக்கல் தோன்றுகிறது. முதன்மைக் கணு இயங்கினாலும் இடைக்கணு அணைந்துவிட்டால் அதற்கு அப்பாலுள்ள அறைகள் இணைப்பை இழக்கும். ஆகவே ஒவ்வொரு கணுவுக்கும் தனி அடைவோ, இன்வெர்ட்டருடன் இணைந்த மின்சுற்றில் அமைந்த செருகுதுளையோ வேண்டும். பெரும்பாலான திசைவிகள் 12 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் இயங்குவதால் அவற்றுக்கான சிறிய அடைவுகள் எளிதில் கிடைக்கின்றன. கணுக்களில் சில 5 அல்லது 9 வோல்ட்டில் இயங்குவன. வாங்கும் முன் தகவியின் மேல் அச்சிட்டுள்ள அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.