வீட்டு மூலையில் ஒரு வரலாறு: பழைய தையல் இயந்திரமும் அதன் பராமரிப்பும்

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சவூதி அரேபியாவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அக்காலத்தில் அங்குப் பணியாற்றிய நம்மவர் பலருக்கு அது நினைவிருக்கும். பழைய சிங்கர் தையல் இயந்திரங்களின் ஊசிப் பகுதியில் ‘சிவப்புப் பாதரசம்’ என்னும் அரும்பொருள் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டனர். அது புதையலைக் காட்டும், தீய சக்திகளை விரட்டும், அணுகுண்டு செய்யவும் உதவும் என்றெல்லாம் கதை வளர்ந்தது. கைப்பேசியை ஊசியருகே கொண்டுசெல்லும்போது இணைப்பு அறுந்தால் உள்ளே பாதரசம் உண்டு என்பது சோதனை முறையாம்! சாதாரணமாகச் சில நூறு ரியால்களுக்கு விற்ற இயந்திரத்திற்கு இரண்டு லட்சம் ரியால் வரை விலை பேசப்பட்டது. தையற்கடைகளில் திருட்டும் நடந்தது. முடிவில் அனைத்தும் புரளி என்று தெரிய வந்தது. ‘இரிடியம்’ என்று சொல்லிப் பழைய செம்பையும் கலசத்தையும் நம் ஊர்களில் விற்றுத் திரியும் கூட்டத்தாருக்கு அவர்கள் நெருங்கிய உறவினர் போலும்.

அந்த இயந்திரத்தின் உண்மையான மதிப்பை அறிந்தோர் குறைவு. அங்கே லட்சங்களுக்கு விலை பேசப்பட்ட அதே இயந்திரம் நம் வீடுகளில் பரண்மேல் கிடந்து, பிறகு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிறது. “ஓடவில்லை” என்பதே சொல்லப்படும் காரணம். ஓடாத இயந்திரங்களுள் பெரும்பாலானவற்றிற்கு உறுப்பு எதுவும் தேய்ந்திருப்பதில்லை. எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும், பஞ்சுத் தூசி அடைந்திருக்கும், அவ்வளவே. அது ஏன் அவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்டது என்பதை அறிய, அதன் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும்.

கையால் தைக்கும் தொழில் மிகப் பழமையானது. துணி தைப்போரைச் சிலப்பதிகாரம் ‘துன்னகாரர்’ என்று குறிக்கிறது. அந்தக் கைவேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில்தான் கைகூடியது. பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலமி திமோனியே 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று, பாரிஸ் நகரில் இராணுவச் சீருடை தைக்க ஏறத்தாழ 80 இயந்திரங்களை நிறுவினார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு வந்து அவற்றை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857இல் வறுமையில் மாண்டார். அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ், நுனியில் கண் உள்ள ஊசியையும் அடிநூல் கொண்டுவரும் ஓடத்தையும் இணைத்து 1846இல் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் மெரிட் சிங்கர் இவ்வமைப்பை மேம்படுத்தினார். ஹோவ் வழக்குத் தொடுத்து வென்றார். பின்னர் 1856இல் உரிமையாளர்கள் உடன்பாடு செய்துகொண்டு, காப்புரிமைகளை ஒன்றுசேர்த்தனர்.

அதே 1856இல் நடந்த வேறொன்றே நம் பொருளுக்கு முதன்மையானது. சிங்கரின் பங்காளியான வழக்கறிஞர் எட்வர்டு கிளார்க், இயந்திரத்தைத் தவணை முறையில் விற்கத் தொடங்கினார். அன்றைய சாதாரணக் குடும்பம் முழு விலையையும் ஒரே முறையில் கொடுக்க இயலாது. தவணை கட்டி முடியும்வரை இயந்திரம் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் யார் பணம் கட்டுவார்? ஆகவே முகவர்களும் பழுதுபார்ப்போரும் உதிரி உறுப்புகளும் ஊர்தோறும் தேவைப்பட்டன. வாங்கிய இல்லத்தரசியே எண்ணெய் விட்டுத் துடைத்துக் காக்கும்படி எண்ணெய்த் துளைகள் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் வைக்கப்பட்டன; விளக்கக் கையேடும் உடன் வந்தது. தொடக்கத்தில் உறுப்புகளை அரத்தால் ராவிக் கையால் பொருத்தினர். ஓர் இயந்திரத்தின் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தும் நிலை பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அது வந்த பிறகுதான் தூரதேசத்து வாடிக்கையாளருக்கும் பழுதுபார்ப்பு எளிதாயிற்று.

ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் நகரில் 1885ஆம் ஆண்டில் பெருந்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1913ஆம் ஆண்டில் மட்டும் அங்கிருந்து 13 லட்சத்திற்கும் மேற்பட்ட இயந்திரங்கள் வெளிவந்தன. நம் வீடுகளில் இருப்பவற்றுள் பல அங்குப் பிறந்தவையே. இயந்திரத்தின் அடித்தட்டில் பொறித்துள்ள எண் எஃப், ஜே, எம், எஸ், வி, ஒய் ஆகிய எழுத்துகளுள் ஒன்றில் தொடங்கினால் அது கிளைடுபேங்கில், 1900ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ செய்யப்பட்டது என்று அறியலாம். அந்தத் தொழிற்சாலையின் மரப்பெட்டிகளுக்கு மெருகிட்ட பெண்கள் சிலர்மீது கூடுதல் வேலை சுமத்தப்பட்டதே 1911இல் ஏறத்தாழ 11,000 தொழிலாளரின் வேலைநிறுத்தமாக வெடித்தது. நாம் இன்று தூசி தட்டாமல் விட்டிருக்கும் மரப்பெட்டியின் பளபளப்புக்குப் பின்னே அப்படியும் ஒரு கதை உண்டு. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது.

சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கையில் கால்பதித்தது. இந்தியாவிலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பரவிவிட்டது. 1924இல் இராமச்சந்திரன் என்ற மாணவர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியடிகளிடம் வினவியபோது, சிங்கர் தையல் இயந்திரத்திற்கு அவர் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தியடிகள் தந்த விளக்கம். சிங்கரின் இல்லற வரலாற்றை அறிந்தோர் இதை ஏற்கத் தயங்குவர். நோயுற்ற கணவனுக்காகத் துணி தைத்துக் குடும்பம் காத்த மனைவியின் கதை ஹோவ் வீட்டுக்கே பொருந்தும். கேள்வி கேட்ட அந்த மாணவரே பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியோருள் ஒருவரான ஜி. இராமச்சந்திரன். 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் உஷா இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. அது பின்பற்றிய சிங்கர் 15ஆம் வகை அமைப்பையே பின்னர் ஜப்பானியரும் பின்பற்றினர். ஆகவேதான் அந்த வகைக்குரிய ஊசியும் வட்டப் பாபினும் இன்றும் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. படகு வடிவ ஷட்டிலும் நீண்ட பாபினும் கொண்ட அதனினும் பழைய வகைக்குத்தான் சற்று அலைய வேண்டும்.

இனி, செப்பனிடும் முறையைக் காண்போம். இயந்திரம் இறுகிக் கிடந்தால் கைச்சக்கரத்தை வலிந்து சுழற்றலாகாது. எண்ணெய்த் துளைகளிலும், உலோகத்தோடு உலோகம் உராயும் இடங்களிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். அடுப்போ விளக்கோ அருகில் இருத்தல் கூடாது. மறுநாள் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பழுப்பு நிறக் கசடு இளகி வெளிவரும். அதைத் துடைத்து, மீண்டும் விட்டு, மீண்டும் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காவிடில் தையல் இயந்திர எண்ணெயையே நாள்தோறும் விட்டுவரலாம். ஒரு வாரம் ஆயினும் பொறுமை வேண்டும். இந்தக் கசடு எங்கிருந்து வந்தது? பல வீடுகளில் சமையலறை எண்ணெயை விட்டதனால் வந்தது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகிவிடும். இயந்திரத்திற்கென விற்கப்படும் தெளிந்த எண்ணெயைத் தவிர வேறெதுவும் உள்ளே செல்லலாகாது.

அடுத்து ஊசித்தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே பஞ்சு கம்பளிபோல் படிந்திருக்கும். துணி நகரவில்லை என்று சொல்லிக் கடைக்குக் கொண்டுபோகும் இயந்திரங்களுள் பலவற்றின் நோய் இதுதான். சிறு தூரிகையும் குண்டூசியும் போதும். திருகாணிகளைக் கழற்றும்போது அவற்றின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே கொள்ள வேண்டும். சிங்கரின் மரை அளவுகள் அந்நிறுவனத்திற்கே உரியவை, தொலைந்தால் கடைத்தெருத் திருகாணி பொருந்தாது. ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது இக்காலத்தார்க்கு வாய்த்த வசதி. கைச்சக்கரத்தின் நடுத்திருகைக் கழற்றினால் உள்ளே காதுகளுடன் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால், நூல் சுற்றும்போது ஊசியும் சேர்ந்தே ஓடும், அல்லது சக்கரம் பிடிக்காமல் சுழலும். வளையத்தை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடும்.

கறுப்பு மேனியும் பொன்னிறக் கோலமும் தனிக் கவனம் வேண்டுபவை. கோலத்தின்மேல் பூசப்பட்டிருப்பது அரக்கு. நம் நாட்டு மரங்களில் அரக்குப் பூச்சிகள் உண்டாக்கிய பொருளே மேலைநாடுகளுக்குச் சென்று மெருகாகியது. அது ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். சானிடைசர் தெளித்துத் துடைத்த வீடுகளில் ஒரே நாளில் கோலம் மறைந்துபோயிருக்கும். சோப்புத் தண்ணீரும் ஆகாது. மெல்லிய பருத்தித் துணியில் இயந்திர எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் துடைப்பதே தக்கது. அழுக்கு நீங்கும், கோலம் நிற்கும்.

மிதிப்பலகை இயந்திரத்தின் தோல் வார் நாள்பட நீண்டு தளரும். சிறிது வெட்டி, கம்பிக் கொளுக்கியால் மீண்டும் இணைத்தால் போதும். பின்னாளில் மின்மோட்டார் பொருத்தப்பட்டிருந்து, அதன் கம்பியுறை வெடித்திருந்தால், மின்தொழில் அறிந்தவரிடம் காட்டாமல் செருகலாகாது.

இவ்வளவும் ஆனபின் புதிய ஊசி ஒன்றை மாட்டி, பழைய பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் பார்க்க வேண்டும். ஊசியின் நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கத்தில் இருத்தல் அவசியம். துணியின் அடியில் நூல் சுருண்டு சிக்கினால் பலரும் பாபின் கேஸின் திருகைத்தான் முதலில் முறுக்குவர். குறை பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். இறுக்கத் தட்டுகளுக்கிடையே படிந்த பஞ்சை மடித்த துணியால் துடைத்தெடுத்து, நூலை முழுதும் உருவி முதலிலிருந்து கோத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சிக்கினால் மட்டுமே திருகைத் தொடலாம், அதுவும் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் ஆகாது.