அட்டவணை வென்ற வரலாறு

ஒரு வங்கியோ பல்கலைக்கழகமோ தன் கணக்குகளைக் கணிப்பொறியில் காக்க முற்படும்போது, எந்தத் தரவுத்தளத்தைத் தேர்வது என்னும் வினா எழுகின்றது. ஆரக்கிளா, டிபி2வா, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லா? விடை காண விழைவோர் இவை பிறந்த வரலாற்றை முதலில் அறிதல் நன்று.

1960களில் ஐ.பி.எம். நிறுவனம் ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பை உருவாக்கியது. மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் எண்ணற்ற உறுப்புகளைக் கணக்கிடப் பிறந்தது அது. அதில் செய்திகள் மரக்கிளைகளைப்போல் ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. எந்தக் கிளைவழியே சென்றால் எச்செய்தி கிட்டும் என்பதை நிரல் எழுதுவோர் அறிந்திருக்க வேண்டும். கிளை மாறினால் நிரலையும் மாற்ற வேண்டும்.

இத்தொல்லைக்கு 1970இல் வழி கூறியவர், அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் அறிஞர். செய்திகளையெல்லாம் எளிய அட்டவணைகளாக அமைக்கலாம் என்றார் அவர். நான் தலைமையாசிரியராக இருந்த நாளில் சேர்க்கைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் தனித்தனியே இருந்தன. சேர்க்கை எண் ஒன்றே அவற்றை இணைத்தது. காட் கூறிய முறையும் அத்தகையதே. வேண்டுவது யாது என்று கேட்டால் போதும். தேடும் வழியைப் பொறியே கண்டுகொள்ளும்.

ஐ.பி.எம். ஆய்வாளர்களான சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் இதற்கென ஒரு வினவு மொழியை வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று. ஆயினும் ஐ.பி.எம். தன் பழைய அமைப்பை விட்டு விரைந்து நகரவில்லை. அதன் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த லாரி எல்லிசன் முதலியோர் 1977இல் நிறுவனம் தொடங்கி, 1979இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஐ.பி.எம்.மின் டிபி2 வந்ததோ 1983இல்!

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கரும் வோங்கும் உருவாக்கிய இங்கிரெஸ் அமைப்பிற்குக் குவெல் என்னும் தனி மொழி இருந்தது. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனம் எஸ்.கியூ.எல்.லையே பொதுமொழியாக ஏற்றது, குவெல் வழக்கொழிந்தது. இங்கிரெஸின் வழித்தோன்றலான போஸ்ட்கிரெஸும் 1990களில் எஸ்.கியூ.எல்.லையே தழுவிக்கொண்டது.

பொதுமொழி வந்துவிட்டதால் எதை வாங்கினும் ஒன்றே என எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் சில வழக்குகளைச் சேர்த்துள்ளது. ஆரக்கிளின் பி.எல்.எஸ்.கியூ.எல்.லில் எழுதிய நிரல் பிற அமைப்புகள் பலவற்றில் அப்படியே இயங்காது. ஆகவே தேர்வோர் வேகத்தையும் விலையையும் மட்டுமே நோக்குதல் போதாது. நாளை இதை விட்டு நீங்க நேர்ந்தால், நம் கணக்குகளையும் நிரல்களையும் எவ்வளவு எளிதில் எடுத்துச் செல்ல இயலும் என்றும் ஆராய வேண்டும். பொறிகள் மாறும், பதிவேடுகள் தலைமுறை கடந்தும் வேண்டப்படும் அல்லவா?