இரு சக்கரம், இருவர், ஐரோப்பா

ஐரோப்பாவில் ஜூன் மாதம் வந்துவிட்டால் ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் பனி விலகிவிடும். அடுத்த நாளே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். முன்னால் கணவர், பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டிகள். காலையில் மியூனிக்கில் கிளம்பினால் மாலையில் இத்தாலியின் வெரோனா நகரில் காப்பி குடிக்கலாம். நடுவில் ஆஸ்திரியா என்று ஒரு நாடு வந்து போனது சாலையோரப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும்.

இதெல்லாம் இவ்வளவு சுலபமானது 1998க்குப் பிறகுதான். அதற்கு முன்பு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி ஊர் ஊராகப் போன தம்பதிகள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. வண்டிகளின் வரலாற்றை எழுதுபவர்கள் எஞ்சினைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும் என்றால் முதல் கேள்வி எஞ்சின் அல்ல. இரண்டாவது ஆள் எங்கே உட்காருவது? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பயணங்களில் சில இன்று நமக்குத் தெரிவதே அந்த இரண்டாவது ஆள் உட்கார்ந்து எழுதி வைத்ததால்தான்!

கதை மோட்டாருக்கு முன்பே தொடங்குகிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எலிசபெத் ராபின்ஸ் ஒரு எழுத்தாளர். ஜோசப் பென்னல் ஒரு ஓவியர். 1884 ஜூனில் இருவருக்கும் திருமணம். அந்தக் கோடையிலேயே ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கிலாந்தில் இருவர் சேர்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் லண்டனிலிருந்து கேன்டர்பரி வரை போனார்கள். அது வெறும் ஒத்திகை. இத்தாலியில் ஃப்ளோரன்ஸிலிருந்து ரோம் வரை மிதிப்பதுதான் உண்மையான திட்டம்.

அந்த ஆண்டு நேப்பிள்ஸில் காலரா. இத்தாலிக்குப் போவதையே பலர் தள்ளிப்போட்ட நேரம். இவர்கள் இலையுதிர்காலத்தில் கிளம்பிவிட்டார்கள். தார்ச்சாலை என்பதே கிடையாது. வெள்ளைப் புழுதி பறக்கும் மண் சாலைகள், மாட்டு வண்டிகள், செங்குத்தான குன்றுகள். டஸ்கனியில் ஊர்கள் எல்லாம் குன்றின் உச்சியில்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு மாலையும் களைத்துப் போன நேரத்தில்தான் கடைசி ஏற்றம் வரும். சியென்னா நகரத்தைப் பார்த்தார்கள், மோன்டே ஒலிவேட்டோ மடாலயத்துக்குப் போனார்கள். சைக்கிள் மிதிக்கும் பெண் என்பது அன்றைய இத்தாலியில் யாரும் பார்த்திராத காட்சி. ஊருக்கு ஊர் கூட்டம் கூடியது. தன் வாழ்நாளில் வேறு எப்போதும் இவ்வளவு பரபரப்பை உண்டாக்கியதில்லை என்று எலிசபெத் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார்.

பயணத்தை அவர் எழுதினார், கணவர் படம் வரைந்தார். இருவர் பெயரிலும் புத்தகம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஃபிரான்ஸ். லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1768-இல் எழுதிய புகழ்பெற்ற பயண நூலின் தடத்திலேயே இத்தாலி வரை போவது என்று ஏற்பாடு. ஆனால் எதிர்க்காற்றும் களைப்பும் சேர்ந்து ஃபிரான்ஸிலேயே பயணத்தை முடித்துவைத்தன. ஆனாலும் புத்தகத்தின் தலைப்பில் இத்தாலி இருக்கிறது! போகாத நாட்டைத் தலைப்பில் வைத்த பயண நூல்கள் உலகில் அதிகம் இருக்காது.

1890களில் இருவரும் தனித்தனி சைக்கிளில் ஆல்ப்ஸ் கணவாய்களைக் கடந்தார்கள். 1898-இல் அதுவும் புத்தகமானது. இதற்கிடையில் எலிசபெத் லண்டன் பத்திரிகைகளில் ஓவிய விமர்சனமும் சமையல் பத்தியும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சேர்த்த பழைய சமையல் நூல்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

பிறகு மோட்டார் வந்தது. ஜோசப்புக்கு அதில் ஆர்வம் பற்றிக்கொண்டது, 1902-இல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். ஆனால் ஒரு சிக்கல். ஆரம்பகால மோட்டார் சைக்கிளில் ஒரே ஒரு இருக்கைதான். இருவர் சேர்ந்து மிதித்த வண்டியில் மனைவிக்கு இடம் இருந்தது. எஞ்சின் வந்ததும் அந்த இடம் காணாமல் போனது.

மியூனிக்கில் ஹில்டெப்ராண்டும் வுல்ஃப்முல்லரும் 1894-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டிதான் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரான முதல் மோட்டார் சைக்கிள். 1489 சிசி எஞ்சின், மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். இன்றைய பெரிய டூரிங் வண்டிக்கு நிகரான எஞ்சின், ஆனால் ஓட்டுபவரைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. பாரிஸில் வெர்னர் சகோதரர்கள் 1901-இல் எஞ்சினைச் சட்டத்தின் அடிப்பகுதிக்குக் கொண்டுவந்து வண்டியை நிலையாக்கினார்கள். அதன் பிறகுதான் நீண்ட பயணம் என்ற எண்ணமே வந்தது. உடனே அந்தப் பழைய கேள்வி. மனைவியை எங்கே உட்கார வைப்பது?

முதல் பதில்: பின்னால் ஒரு சின்ன வண்டியைக் கட்டி இழுப்பது. பிரம்பு நாற்காலிக்கு இரண்டு சக்கரம் வைத்தது போல இருக்கும். கற்பனை செய்து பாருங்கள்... முன்னே போகும் வண்டியின் புகை, பின்சக்கரம் கிளப்பும் புழுதி, எல்லாம் நேராக முகத்தில். கணவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. வழியில் கொக்கி கழன்றால் முன்னால் போகிறவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிர். முன்னால் இரண்டு சக்கரம் வைத்து அவற்றுக்கு நடுவில் இருக்கை. புழுதி இல்லை, காட்சி அருமை, பேசவும் முடியும். ஆனால் வண்டி எதிலாவது மோதினால் முதலில் மோதுவது பயணிதான்! அந்த நாள் பிரேக்குகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தவர்கள் இந்த இருக்கையில் மனைவியை எப்படி உட்கார வைத்தார்கள் என்பது விளங்கவில்லை.

மூன்றாவது பதில் 1903-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற சைடுகார். புகை முகத்தில் அடிக்காது, மோதலில் முதல் அடி விழாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், மடியில் வரைபடத்தை விரித்து வழி சொல்லலாம். குடை, சூட்கேஸ், குழந்தை எல்லாவற்றுக்கும் இடமுண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு கார் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்களின் வண்டி இதுதான் ஆனது.

ஆனால் ஐரோப்பாவில் சைடுகாருக்கு ஒரு விசித்திரமான தொல்லை இருந்தது. சைடுகாரை எப்போதும் சாலையோரப் பக்கமாகத்தான் பொருத்துவார்கள். இடதுபுறம் ஓட்டும் இங்கிலாந்தில் அது இடது பக்கம், வலதுபுறம் ஓட்டும் ஃபிரான்ஸில் வலது பக்கம். இங்கிலாந்துத் தம்பதி கப்பலில் கால்வாயைக் கடந்து ஃபிரான்ஸில் இறங்கியதும் என்ன ஆகும்? சைடுகார் சாலையின் நடுப்பக்கம் வந்துவிடும். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் மனைவிதான் முதலில் எட்டிப்பார்க்க வேண்டும். எதிரே வரும் வண்டிகள் அவருடைய தோளை உரசுவது போலப் போகும்.

அந்தக் கால்வாயோடு தொல்லை தீர்ந்துவிடவும் இல்லை. இன்று பலருக்கும் தெரியாத விஷயம், ஐரோப்பியக் கண்டத்தின் உள்ளேயே சில நாடுகள் ஒரு பக்கமும் மற்றவை மறுபக்கமும் ஓட்டிக்கொண்டிருந்தன. இத்தாலியில் 1920களின் நடுப்பகுதி வரை கிராமப்புறச் சாலைகளில் வலது பக்கம், ரோம், மிலான் போன்ற நகரங்களுக்குள் இடது பக்கம்! நகர எல்லையில் பக்கம் மாற வேண்டும். ஆஸ்திரியா இன்னும் மோசம். மேற்கு மூலையில் இருக்கும் ஃபோரார்ல்பெர்க் மாகாணம் 1921-இல் வலது பக்கம் மாறியது, டிரோல் 1930-இல் மாறியது, வியன்னாவோ 1938 வரை இடது பக்கம்தான். அதாவது 1930களின் தொடக்கத்தில் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து வியன்னாவுக்குப் போகிறவர்கள் நாட்டை விட்டு வெளியே போகாமலேயே வழியில் பக்கம் மாற வேண்டியிருந்தது. ப்ராக் 1939-இலும் புடாபெஸ்ட் 1941-இலும் மாறின. மாற்றியது பெரும்பாலும் யோசித்து எடுத்த போக்குவரத்து முடிவு அல்ல, ஹிட்லரின் படைகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடன் மட்டும் தன் விருப்பப்படி 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் மாறியது.

இதற்கு மேல் எல்லைச் சோதனை. 1909-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் மோட்டார் வண்டிகளுக்குச் சர்வதேச அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. வண்டியில் நாட்டின் எழுத்தைத் தாங்கிய நீள்வட்டப் பலகையும் அப்போது வந்ததுதான். சுங்கத்துக்குத் தனிப் புத்தகம். வண்டியை உள்ளே கொண்டுவந்து விற்றுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. ஒன்று விட்டுப்போனாலும் ஊரில் கட்டிய உத்தரவாதப் பணத்துக்கு ஆபத்து.

பின் சீட் என்பது இந்தக் காலத்தில்தான் மெல்ல மெல்ல வந்தது. முதலில் அது சாமான் கட்டும் கம்பிச் சட்டம். அதன் மேல் ஒரு மெத்தையை வைத்துப் பெண்கள் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தார்கள். இங்கிலாந்தில் 1930-இல் வந்த சாலைச் சட்டம், பின்னால் உட்காருபவர் இருபுறமும் கால் போட்டு, இறுக்கமாகப் பொருத்திய சரியான இருக்கையில்தான் அமர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம் ஊர்ச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பதில் இத்தாலியிலிருந்து வந்தது. பியாஜியோவின் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்தது. விமானம் செய்ய வழியில்லாத நிலையில் கொராடினோ டாஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர் 1946-இல் வெஸ்பாவை வடிவமைத்தார். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம்! ஒருவேளை அதனால்தானோ என்னவோ, மோட்டார் சைக்கிளில் இருந்த தொல்லைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். எஞ்சினை மூடினார், செயினை எடுத்தார், காலை வீசி ஏறாமல் பாவாடையோடு ஏறி உட்கார வசதி செய்தார். 98 சிசிதான். 1953-இல் வந்த ரோமன் ஹாலிடே படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் கிரிகரி பெக்கோடு வெஸ்பாவில் ரோமைச் சுற்றியதும் உலகமே பார்த்தது. அந்தக் காட்சியில் ஹேண்டில்பார் கொஞ்ச நேரம் ஹெப்பர்ன் கையில்தான் இருக்கிறது.

1957-இல் ஃபியட் 500, 1959-இல் மினி என்று மலிவான கார்கள் வந்ததும் சைடுகார் குடும்பங்கள் எல்லாம் கூரைக்குக் கீழே போய்விட்டன. அதன் பிறகு மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றியவர்கள் வேறு வழி இல்லாமல் போனவர்கள் அல்ல, விரும்பிப் போனவர்கள். 1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே ஒரு படகில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆல்ப்ஸ் வழிக்கு முக்கியமான இத்தாலியும் ஆஸ்திரியாவும் 1997, 98-இல் முழுமையாகச் சேர்ந்தன. முத்திரைப் புத்தகங்கள் பரணுக்குப் போயின.

எழுதியவர்கள் பற்றிச் சொல்லும்போது ஹாலினாவை விட்டுவிடக் கூடாது. ஹாலினாவும் ஸ்டானிஸ்வாவ் புயாகோவ்ஸ்கியும் போலந்துத் தம்பதி. 1934 ஆகஸ்டில் ட்ருஸ்கியென்னிகி என்ற ஊரிலிருந்து (இன்று அது லித்துவேனியாவில் இருக்கிறது) பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிளில் சைடுகாரோடு கிளம்பினார்கள். ஐரோப்பாவின் தென்கிழக்கைக் கடந்து, துருக்கி வழியாக ஆசியாவுக்குள் நுழைந்து, 1936 மார்ச்சில் ஷாங்காய் போய்ச் சேர்ந்தார்கள்!

வழி நெடுக நடந்ததை ஹாலினா எழுதி வைத்தார். அதை அப்போது யாரும் புத்தகமாக்கவில்லை. போர் வந்தது, கிளம்பிய ஊரே வேறு நாட்டுக்குப் போனது, போலந்தில் ஆட்சிகள் மாறின. பென்னல் தம்பதியின் பயணங்கள் ஓரிரு ஆண்டுகளில் அச்சாகிவிட்டன. ஹாலினாவின் எழுத்து போலந்தில் புத்தகமாக வெளிவந்தது 2011-இல், ஷாங்காய் போய்ச் சேர்ந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து. தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் பையனும் மோட்டாரும் நானும்".