பதினாறு வயதில் ஒரு தேர்வு

கடந்த கோடை விடுமுறையில், ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின்னர், நம் பங்கைச் சார்ந்த தந்தையொருவர் தம் மகளுடன் வந்து ஆலோசனை கேட்டார். மகள் பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்திருந்தாள். மேல்நிலை வகுப்பில் முதல் குரூப்பா, இரண்டாம் குரூப்பா என்பதன்று அவர்களது கேள்வி. பன்னாட்டுப் பக்கலோரியா எனப்படும் 'ஐ.பி. டிப்ளமா'வில் சேர்வதா, வேண்டாமா என்பதே கேள்வி. உதவித்தொகையுடன் இடம் தர ஒரு பள்ளி முன்வந்திருந்தது. "ரொம்பக் கடினமான படிப்பு என்கிறார்கள், சாமி. இரண்டு வருடம் போய்விட்டால் திரும்பி வராது" என்றார் தந்தை. மகள் ஒன்றும் பேசவில்லை.

நாம் உடனே விடை கூறவில்லை. எதற்காக, யாரால், எந்தச் சூழலில் அப்படிப்பு தோன்றியது என்று அறியாமல் கொள்ளவோ தள்ளவோ சொல்வது முறையாகாது என எண்ணி, இரண்டு வாரத் தவணை கேட்டோம். அந்நாள்களில் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஒரே பாடத்திட்டத்தைப் பல நாடுகளில் நடத்துவது புதிய எண்ணமன்று. 1599-ல் இயேசு சபையார் 'ராசியோ ஸ்தூதியோரும்' என்னும் கல்வி முறைமையை வெளியிட்டனர். அதன் பின்னர், உரோமையில் பயின்ற மாணவன் லிஸ்பனுக்கோ வியன்னாவுக்கோ சென்றாலும் அதே இலத்தீன் இலக்கணத்தையும் அதே வகுப்புப் படிகளையும் அங்கே கண்டான். பிற்காலத்தில் நாடுகள் தத்தமக்கென இறுதித் தேர்வுகளை வகுத்துக்கொண்டன. பிரஷ்யாவின் 'அபிட்டூர்' 1788-ல் வந்தது. பிரான்சின் பக்கலோரியாவை நெப்போலியன் 1808-ல் ஏற்படுத்தினார். இங்கிலாந்தின் 'ஏ லெவல்' 1951-ல் தொடங்கிற்று. நம் மாநிலத்தின் மேல்நிலைக் கல்வி 1978-ல் பிறந்தது. பள்ளியிறுதித் தேர்வு நாட்டெல்லையில் நிற்கும் காவற்சாவடியைப் போலாயிற்று. உள்ளூர்ப் பிள்ளைக்கு அது வழிவிடும். வெளியூர்ப் பிள்ளையைத் தடுத்து நிறுத்தும்.

இத்தடை முதலில் உறைத்தது ஜெனீவா நகரில். முதல் உலகப் போருக்குப் பின் உருவான நாடுகளின் கழகத்திலும் பன்னாட்டுத் தொழிலாளர் அலுவலகத்திலும் பணியாற்ற வந்தோரின் பிள்ளைகளுக்காக, 1924-ல் அங்கு ஒரு பன்னாட்டுப் பள்ளி நிறுவப்பட்டது. சிறு வகுப்புகளில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகவே படித்தார்கள். ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகள் வந்ததும் அவர்களைப் பிரித்தேயாக வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் தேர்வுக்குச் சிலர், பிரெஞ்சுத் தேர்வுக்குச் சிலர், ஆங்கிலேயத் தேர்வுக்குச் சிலர், அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்குச் சிலர் என்று ஒரே பள்ளிக்குள் நான்கு பள்ளிகள் நடந்தன. பத்தாண்டுகள் ஒன்றாய் வளர்ந்தவர்கள், தாம் யாராக வாழப் போகிறோம் என்று சிந்திக்கும் வயதில் தனித்தனி அறைகளில் அமர்ந்து, தத்தம் நாட்டு வரலாற்றைத் தத்தம் நாட்டுக் கண்ணாடி வழியே பயின்றார்கள்.

அப்பள்ளியை 1929 முதல் 1949 வரை நடத்திய மரி-தெரேஸ் மோரெத் அம்மையார் இதைக் கண்டு வருந்தியவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948-ல், யுனெஸ்கோவுக்காக அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அமைதிக்கான கல்வி உத்திகள் என்று ஏதேனும் உண்டா என்பதே அதன் தலைப்பின் கேள்வி. 'உண்டு' என்று தலைப்பிலேயே முழங்காமல், கேள்வியாகவே நிறுத்திய அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். போருக்கு முன்பு அதே பள்ளியில் ஒன்றாய்ப் படித்தோர் எதிரெதிர்ப் படைகளில் நின்றிருக்கக்கூடிய காலமல்லவா அது!

எண்ணம் செயலாவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1962-ல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் பொதுத் தேர்வின் தேவையைப் பேசினார்கள். அதற்கென ஒரு குழு 1964-ல் அமைந்தது. முதன்முதலில் வகுக்கப்பட்ட பாடம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் பொதுவான கணிதத்தை அவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளவில்லை; எல்லாரும் சண்டையிடும் பாடமாகிய தற்கால வரலாற்றையே எடுத்துக்கொண்டார்கள்! திருத்தந்தை 23-ஆம் யோவான் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டது 1963 ஏப்ரலில். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததெனக் கூற நம்மிடம் சான்றில்லை. ஆயினும் கியூபா நெருக்கடியில் நடுங்கிய ஓர் உலகத்திற்கு இரண்டுமே விடை தேடின.

1968-ல் பக்கலோரியா அமைப்பு ஜெனீவாவில் முறைப்படி நிறுவப்பட்டது. முதல் முழுத் தேர்வுகள் 1970-ல் நடந்தன. முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன் என்னும் ஆங்கிலேயர். அப்போது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித்துறைத் தலைவராக இருந்தவர். தம் நாட்டில் பதினாறு வயதிலேயே பிள்ளைகளைக் 'கலை' என்றும் 'அறிவியல்' என்றும் இரண்டாகக் கிழிப்பதை அவர் வெகுகாலமாக எதிர்த்து வந்தார். (முதல் குரூப் எடுத்தவனுக்கு வரலாறு கிடையாது, வரலாறு எடுத்தவளுக்கு இயற்பியல் கிடையாது என்று பழகிய நமக்கு இந்த எதிர்ப்பு வியப்பாயிருக்கலாம்.) ஆகவே ஐ.பி. மாணவர் ஆறு பாடங்கள் படிக்க வேண்டும்: தாய்மொழியோ தாம் நன்கறிந்த மொழியோ ஒன்றன் இலக்கியம், மற்றொரு மொழி, சமூக இயல், அறிவியல், கணிதம், இவற்றுடன் கலையோ வேறொரு பாடமோ. மூன்று பாடங்கள் ஆழமாக, மூன்று அளவாக. ஆழமான பாடம் ஒவ்வொன்றுக்கும் 240 மணி நேரமும் மற்றவற்றுக்கு 150 மணி நேரமும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. 'அறிவுக் கோட்பாடு' என்றொரு பகுதி உண்டு. நமக்குத் தெரியும் என்று நாம் சொல்வது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் பகுதி அது. மெய்யியல் கற்கும் குருமட மாணவர்களுக்கு இக்கேள்வி அந்நியமாயிராது. தாமே ஆய்ந்து 4,000 சொற்களுக்கு மிகாமல் எழுதும் கட்டுரை ஒன்று. மூன்றாவதாக, கலையாக்கம், உடலுழைப்பு, சமூகத்தொண்டு. பாடத்திற்கு ஏழாக 42, கட்டுரைக்கும் கோட்பாட்டுக்கும் சேர்த்து 3, ஆக மொத்தம் 45 புள்ளிகள். 24 எடுத்தால், வேறு சில நிபந்தனைகளும் நிறைவேறினால், தேர்ச்சி. தொண்டுக்குப் புள்ளியே இல்லை; ஆனால் அதைச் செய்யாதவருக்கு டிப்ளமாவும் இல்லை. இவ்வேற்பாட்டை நாம் பலமுறை நினைத்துப் பார்த்தோம். நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் தொண்டுக்குப் பரிசுக் கோப்பை கொடுக்கிறோம். செய்யாதவனை மேல் வகுப்புக்கு அனுப்பவும் செய்கிறோம்.

தொண்டைப் பற்றிய இந்நினைவுக்குப் பின்னால் நிற்பவர்களில் ஒருவர் கூர்ட் ஹான் என்னும் யூத ஆசிரியர். தெற்கு ஜெர்மனியில் சாலெம் என்னும் ஊரில் 1920-ல் பள்ளி நிறுவியவர். 1932 ஆகஸ்டில் போட்டெம்பா என்னும் சிற்றூரில் நாசிப் படையினர் சிலர் ஓர் இளைஞரை அவருடைய தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றார்கள். கொலையாளிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, ஹிட்லர் அவர்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தந்தியனுப்பினார். உடனே ஹான் தம் பழைய மாணவர்களுக்கு மடல் எழுதினார்: ஹிட்லரோடு நிற்பவர் பள்ளியின் உறவை முறித்துக்கொள்ளட்டும், பள்ளியோடு நிற்பவர் ஹிட்லரை விட்டு விலகட்டும். மறு ஆண்டு மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். விடுதலையானபின் பிரித்தானியாவில் குடியேறி, 1934-ல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். நன்கு படித்தவர்களும் அக்கொலையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கண்ட ஒருவர், வெறும் படிப்பை நம்பாமற்போனதில் வியப்பென்ன?

அவரது கனவின்படி 1962-ல் வேல்ஸ் கடற்கரைக் கோட்டையொன்றில் அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்டது. பல நாட்டு இளைஞர்கள் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்து படிக்கும் இடம். ஆபத்தான அக்கடற்பகுதியில் மீட்புப் பணியும் மாணவர் கடமையாயிற்று. முதல்வர் டெஸ்மண்ட் ஹோர் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி. அலையில் கவிழாத மீட்புப்படகு வேண்டி அவரும் மாணவர்களும் ஆண்டுக்கணக்கில் செய்துசெய்து பார்த்ததன் பயனாக, கடினமான அடிப்பாகமும் காற்றடைத்த விளிம்பும் கொண்ட புதுவகைப் படகு பிறந்தது. அதன் உரிமையை ஹோர் பிரித்தானிய உயிர்மீட்புப் படகுச் சங்கத்துக்கு ஒரேயொரு பவுண்டுக்கு விற்றார். இன்று உலகெங்கும் கடலோரக் காவலர் ஓட்டும் படகுகள் பல அதன் வழிவந்தவையே.

1971-ல் இக்கல்லூரி ஒரு முடிவெடுத்தது: 'ஏ லெவல்' தேர்வை முற்றிலும் கைவிட்டு ஐ.பி.யை மட்டுமே நடத்துவது. அவ்வாறு செய்த முதற்பள்ளி அதுவே. அப்போது ஐ.பி. தேர்வு நடந்து ஓராண்டே ஆகியிருந்தது. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகவே அதை ஏற்று வந்தன. அந்த முதல் மாணவர்களின் பெற்றோரும், நம்மிடம் வந்த தந்தை கேட்டதையே கேட்டிருப்பர்.

நம்மவர்க்கு உவப்பான செய்தியொன்றும் உண்டு. இக்கல்லூரியின் உடன்பிறப்பு 1982-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், மாண்டெசுமா என்னும் இடத்தில் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் பெரிய தங்கும் விடுதியாயிருந்த அக்கட்டடம், 1937 முதல் 1972 வரை குருமடமாய் விளங்கியது. மெக்சிகோவில் திருச்சபை ஒடுக்கப்பட்ட நாள்களில், அந்நாட்டுக் குருமாணவர்களை எல்லைக்கப்பால் காத்து, இயேசு சபையார் அங்கே பயிற்றுவித்தனர். துன்புற்றோருக்குப் புகலிடம் தந்த சுவர்களுக்குள்ளே இன்று பல சமயத்துப் பிள்ளைகள் ஒன்றாய்ப் படிக்கிறார்கள். நம் பக்கத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் முதன்முதல் ஐ.பி.யை ஏற்றது, 1901-ல் அமெரிக்க மறைப்பணியாளர்களின் பிள்ளைகளுக்கெனக் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட பள்ளி. ஏற்ற ஆண்டு 1976.

இவ்வளவும் வரலாறு. ஆனால் பிள்ளையின் பையில் வரலாறு மட்டும் இருந்தால் போதாதே! மருத்துவம் படிக்க விரும்புவோர்க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தேவை. ஐ.பி.யின் வழக்கமான அமைப்பில் அறிவியல் இரண்டுக்கே இடமுண்டு; மூன்றும் வேண்டுமானால் தனி ஒப்புதல் பெற வேண்டும். மே மாதத் தேர்வின் முடிவுகள் ஜூலையில்தான் வரும். நம் கல்லூரிகளோ அதற்கு முன்னரே சேர்க்கையைத் தொடங்கிவிடும். 2020-ல் கொள்ளைநோய் காரணமாகத் தேர்வு நடவாமல், கணக்கீட்டின் வழியே புள்ளிகள் வழங்கப்பட்டபோது பல நாட்டு மாணவர்கள் குமுறினார்கள். யாவற்றுக்கும் மேலாகக் கட்டணம்! ஜெனீவாவில் எல்லைகளை அழிக்கப் பிறந்த படிப்பு, நம் நாட்டில் செல்வர்க்கும் மற்றவர்க்கும் நடுவே புதிய எல்லையாகிவிட்டது என்பது நம் குறை. அமெரிக்காவிலும் ஈக்வடோரிலும் அரசுப் பள்ளிகளிலேயே இது நடக்கிறது என்பதை அறிந்தபின் அக்குறை கூடிற்று.

ஆயினும் இந்தச் சிறுமிக்கு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதற்காக, கிடைத்த ஒருத்தியை வேண்டாமென்று சொல்லச் சொல்வது நீதியா? கிறிஸ்தவக் கல்வி பற்றிய 1965-ஆம் ஆண்டுச் சங்க அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்கிறது. முடிவு அவர்களுடையது, நம்முடையதன்று.

சொன்ன தவணையில் இருவரும் வந்தார்கள். மேலே எழுதியவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் கூறினோம். தந்தை, விடுதிச் செலவும் ஆறு பாடங்களின் சுமையும் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். மருத்துவம் படிக்க ஆசையுண்டா என்று மகளிடம் கேட்டோம். இல்லையென்று தலையசைத்தாள். சிறிது நேரங்கழித்து, "அந்தப் படகைச் செய்ததில் மாணவர்களுக்கும் பங்கு உண்டா, சாமி?" என்று கேட்டாள். உண்டு என்றோம். தந்தை மகளைப் பார்த்தார். பள்ளிக்கு விடை அனுப்ப இன்னும் நான்கு நாள்கள் இருந்தன.