ட்ராம் பாதையிலிருந்து மகாவலி வரை

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது மகாவலி கங்கை. 335 கிலோமீற்றர் நீளமுடைய அப்பெருநதி, மலைநாட்டில் விக்டோரியா அணையைத் தாண்டியே இங்கு வந்து சேர்கிறது. அவ்வணையைக் கட்டிய பிரித்தானிய நிறுவனங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்றான பல்ஃபர் பீற்றியின் தொடக்கத்துக்கும் தண்ணீருக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

1909ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பல்ஃபர் என்ற பொறியியலாளரும் அன்ட்ரூ பீற்றி என்ற கணக்காளரும் அதனைத் தொடங்கினர். ஸ்கொட்லாந்தின் டன்ஃபேம்லின் நகர ட்ராம் பாதையே அவர்களது முதற்பணி. ட்ராம் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு மலைநாட்டில் நீர்வீழ்ச்சி இருந்தது. 1920களில் லொகாபர் நீர்மின் திட்டத்துக்காக அந்நிறுவனம் மலையைக் குடைந்தது. அடுத்த பத்தாண்டில் ஈராக்கின் குட் நகரில், டைகிரிஸ் நதிக்குக் குறுக்கே பாசன அணைக்கட்டொன்றை எழுப்பி 1939இல் முடித்தது. தண்டவாளத்தில் தொடங்கியவர்கள் முப்பது ஆண்டுகளில் வயலுக்கு நீர் பாய்ச்சுவோராயினர்.

122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985 ஏப்ரலில், பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சரின் முன்னிலையில் விழாக்கோலத்துடன் திறக்கப்பட்டது. ஓராண்டு கழிந்தது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை மூன்று மணியளவில், இதே திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஊர்களின் மேல் வெள்ளம் பாய்ந்து 120க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அணைமேல் கனரக வாகனங்கள் ஓடியது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அணை பின்னர் மீளக் கட்டப்பட்டது; மாண்டவர் மாண்டவரே.

கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்பர் ஒருசாரார். குளக்கோட்டன் கட்டினான் என்பது கோணேசர் கோயில் மரபு. அம்மரபு அவனைக் கட்டியவனாக மட்டும் நினைவுகூரவில்லை. இன்ன பணி இன்ன குடிக்கு என வகுத்து வைத்தவனாகவும் போற்றுகிறது. கட்டுவதோடு கடமை முடிவதில்லை என்ற தெளிவு அதில் உண்டு.

நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அணைக்கு அது இல்லை. முப்பதாண்டுப் பத்திரிகை வாழ்வில் திறப்பு விழாக்கள் பலவற்றை முதற்பக்கத்தில் கண்டிருக்கிறேன். ஓர் அணையில் கசிவு அடைக்கப்பட்ட செய்தியை அங்கு கண்டதாக நினைவில்லை.