நிரந்தரக் குடிசை, தற்காலிகக் குடிசை

முள்ளிப்பட்டுன்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்குப் பட்டுப்புடவைதான் ஞாபகம் வருது. ஆரணிக்குப் பக்கத்து ஊர், தறிச் சத்தம் கேட்கிற வட்டாரம், அதனால் நினைப்பு அப்படிப் போகிறது. ஆனால் ஊர்ப்பெயரில் இருக்கிற பட்டு நூல் இல்லை. சேத்துப்பட்டில் இருக்கிற அதே பட்டு. குடியிருப்பு என்று பொருள். முன்னால் நிற்கிற முள்ளி ஒரு செடி. இந்தப் பெயர் எந்த மாப்பிலும் விடுபடாது. நான் தேடினது ஊரை இல்லை, சேரியை.

சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட் வரிசையில் ஆரணி வட்டாரம் 57 பி என்கிற எண்ணுக்குள் வரும். நீலம் தண்ணீர், மஞ்சள் பயிர் நிலம், பச்சை காடு, சிவப்பு வீடுகளும் ரோடுகளும். தாளுக்கு அடியில் குறிகளுக்கு விளக்கம் போட்டிருப்பார்கள். கோயிலுக்கு ஒரு குறி, சர்ச்சுக்கு ஒண்ணு, மசூதிக்கு, ஈத்காவுக்கு, கல்லறைக்கு எல்லாம் தனித்தனி. சேரிக்கு என்று குறி எதுவும் கிடையாது. சேரி இல்லாத ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம்! குடிசைகளுக்கு இரண்டு குறி உண்டு: ஒன்று நிரந்தரக் குடிசை, மற்றது தற்காலிகக் குடிசை. எத்தனை தலைமுறை ஒரே இடத்தில் இருந்தால் குடிசை நிரந்தரமாகும் என்று அந்த விளக்கத்தில் எழுதவில்லை.

மாப்பு யாருக்காக வரைந்தது என்று முதலில் கேட்க வேண்டும். 1751-லும் 1782-லும் ஆரணியில் பெரிய சண்டைகள் நடந்தன. முதல் சண்டையில் கிளைவ், அடுத்ததில் ஹைதர் அலி. பட்டாளத்துக்குத் தெரிய வேண்டியது பாதை, தண்ணீர், கோட்டை. அந்தத் தேவையும் வரிவசூல் தேவையும் சேர்ந்துதான் அளவைத் துறையை வளர்த்தன. 1794-ல் மெட்ராசில் சர்வே பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து முக்கோண அளவையை ஆரம்பித்தார். அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சாவூர்க் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமான கதையை எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார்கள். கருவிக்கு வரலாறு இருக்கிறது. கயிறு பிடித்தவன், சங்கிலி இழுத்தவன், மலையுச்சியில் கொடி பிடித்து வெயிலில் நின்றவன், இவர்களில் யாருக்கும் பெயர் இல்லை.

இதில் பெரிய கேலி ஒன்று இருக்கிறது. ஊர் எல்லை யாருக்குத் தெரியும்? எல்லைத் தகராறு வந்தால் தலையில் தண்ணீர்க்குடத்தோடு எல்லையை நடந்து காட்டச் சொல்வது பறையரைத்தான், அவர் நடந்த வழியே எல்லை என்று ஊர் ஒத்துக்கொள்ளும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் அது வருகிறது. கல் எங்கே நட்டிருக்கு என்று சர்வேயருக்குக் காட்டினதும் வெட்டியான்தான். எல்லையைக் காட்டினவன் குடியிருந்த இடம் மட்டும் பெயரில்லாத சிவப்புப் புள்ளியாகப் போயிற்று.

புள்ளியாகப் போனதற்கு அளவுகோலும் காரணம். 1905-க்கு அப்புறம் வந்த வண்ணத் தாள்களில் ஒரு அங்குலம் ஒரு மைல். நூறு மீட்டர் நீளமுள்ள சேரி அதில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். 1950-களில் அமெரிக்க ராணுவம் அச்சடித்த 1:2,50,000 தாள்களை இன்றைக்கு இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அதில் அரை மில்லிமீட்டர்கூட வராது. சரி, இடமில்லாமல் பெயரை விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு சிவப்புக் கொத்துகளில் பெயர் எப்போதும் ஊர்ப் பக்கமே ஒட்டிக்கொள்வதற்கு எந்த அளவுகோல் காரணம்? இடம் இருந்த பெரிய மாப்பில், அதாவது ரெவின்யூ துறையின் கிராமப் படத்தில், பெயர் எழுதத்தான் செய்தார்கள். என்ன எழுதினார்கள்? 'பறச்சேரி நத்தம்'. ஒரு மாப்பில் பெயரே இல்லை, இன்னொன்றில் இருக்கிற பெயர் வசை. பின்னால் 'காலனி' என்று மாற்றினார்கள்; அதுவும் வசையாகிப் போனதால் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவிக்க வேண்டி வந்தது.

இதனால் டோப்போ ஷீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், நிலம் பேசும். கமண்டல நாகநதியைப் பெரும்பாலும் மணலாகவே வரைவார்கள், நடுவில் மெல்லிய நீர்க்கோடு. அந்த மணல் எங்கே போனது என்று கேட்கத் தோணும். ரயில் ஆரணிக்குள் வரவில்லை; 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் களம்பூரில் இருப்பதற்கு மாப்பே சாட்சி. ஏரிக்கரையைக் கறுப்புக் கோடாக வளைத்துக் காட்டும். எந்தப் பக்கம் நீர்ப்பிடி, எந்தப் பக்கம் ஆயக்கட்டு என்பது அதிலிருந்தே தெரியும், இன்றைக்கு அந்த நீர்ப்பிடியில் எது நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் மதகைத் திறந்து ராத்திரியில் வயலுக்குத் தண்ணி கட்டினது யார்? வட மாவட்டங்களில் பல ஊர்களில் நம்ம ஆளுங்கதான். அது நீலத்திலும் இல்லை, கறுப்பிலும் இல்லை. தறிக்குழியும் அப்படித்தான். வீட்டுக்குள் குழி தோண்டி உட்கார்ந்து நெய்கிற தொழிலை மாப்பு வெறும் வீடாகவே காட்டும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன், மாப்பைக் கையில் எடுத்ததே அதுக்காகத்தான். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-ல் அரசாணை வந்தது. தரிசு நிலத்தை நம்மவர்களுக்கு ஒதுக்கினார்கள். பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். அந்தப் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்குக் காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அங்கே பதிவேடாவது இருந்தது. ஆரணியோ ஜாகீர். ஜாகீர் ஊரில் தரிசு அரசாங்கத்தோடது இல்லை, ஜாகீர்தாருடையது. அரசாங்கம் எதை எடுத்து ஒதுக்கும்? 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் ஜமீன், ஜாகீர் ஊர்கள் பலவற்றில் ரயத்துவாரிக் கணக்கே எழுதினார்கள். எழுதும்போது யார் கை ஓங்கியிருந்ததோ அவர்கள் பெயரில் பட்டா விழுந்தது. பிறகு 1979-லிருந்து யு.டி.ஆர். வந்து கணக்கைத் திரும்பவும் எழுதினார்கள். இப்படிப்பட்ட ஊர்களில், கணக்குக்கு முந்தின சாட்சியாகப் பழைய டோப்போ ஷீட் நிற்க முடியும். அது பட்டா ஆகாது, யாருக்குச் சொந்தம் என்றும் சொல்லாது. ஆனால் இந்த இடத்தில் குடியிருப்பு இருந்தது, இங்கிருந்து ஓர் ஒற்றையடிப்பாதை போனது, இந்த வாய்க்கால் அப்போது ஓடியது என்று சொல்லும். கிராமப் படம், 'ஏ' பதிவேடு, புலப்படம், இவற்றோடு பொருத்திப் பார்க்கிற வேலையை மாணவத் தோழர்கள் எடுத்துச் செய்ய வேண்டும். 2021-க்கு அப்புறம் மாப்பு கிடைப்பதில் பழைய கெடுபிடி தளர்ந்திருக்கிறது.

தாளைப் பெரிசாக அச்செடுத்துக்கொண்டு எங்கள் உறவில் ஒரு பெரியவரிடம் போனேன். ஒரு காலத்தில் வெட்டியான் வேலை பார்த்தவர், எழுத்து தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தார், ஒண்ணும் பிடிபடலை. "மேல எது?" என்றார். வடக்கு என்றேன். "வடக்கு எப்பிடிப்பா மேல வரும்? மேலண்டன்னா மேற்குதானே." தாளைப் பிடுங்கி மேற்கு மேலே வருகிற மாதிரி திருப்பிப் போட்டார். அப்புறம் நான் சொல்ல எதுவும் இல்லை. ஏரி, மதகு, கல்லு நட்ட வரப்பு, கெணறு எல்லாத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கீழண்டை இருந்த பெயரில்லாத சிவப்பில் விரல் நின்றது.

"இங்கருந்து சுடுகாட்டுக்கு ஒரு வழி போவுமே, அத ஏன் போடல?"

பென்சிலைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. விரலை மட்டும் நகர்த்தினார், பின்னாலேயே நான் கோடு இழுத்தேன். அந்தக் கோடு மஞ்சளுக்கு நடுவே, இப்போது கம்பிவேலி போட்டிருக்கிற வயலைத் தாண்டித்தான் போகிறது.