ஹயவதனா

கிரீஷ் கார்னாட் கன்னடத்தில் எழுதி 1971இல் வெளிவந்த நாடகம் ‘ஹயவதனா’. இரண்டு நண்பர்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே வளரும் காதல் மூவரின் சாவில் முடிவதே இதன் மையக் கதை. குதிரைத் தலையோடு பிறந்த ஒரு மனிதனின் கதை அதற்கு முன்னும் பின்னும் வருகிறது. நாடகம் அவன் பெயரையே தாங்குகிறது.

மையக் கதையின் வேர் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இருக்கிறது. தமிழர்கள் விக்கிரமாதித்தன் கதையாகக் கேட்டு வளர்ந்த வேதாளக் கதைகளில் இதுவும் ஒன்று. ஒரு பெண்ணின் கணவனும் உடன்பிறந்தவனும் கோயிலில் தலையை வெட்டிக்கொள்ள, தேவியின் அருளால் அவர்களை எழுப்பும் அவள் பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இனி யார் கணவன்? உறுப்புகளில் தலையே முதன்மை என்பதால் கணவனின் தலை உள்ளவனே கணவன் என்கிறான் அரசன். பழங்கதை அந்தத் தீர்ப்போடு நின்றுவிடும். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மான் 1940இல் இதைக் குறுநாவலாக்கியபோது உடன்பிறந்தவனை நண்பனாக மாற்றி, தீர்ப்புக்குப் பிறகு அந்த மூவரும் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று கேட்டார். கார்னாட் தொடங்குவது அந்தக் கேள்வியிலிருந்துதான். இந்திய நாடகத்தில் முகமூடிக்கும் இசைக்கும் என்ன வேலை என்று இயக்குநர் பி. வி. காரந்துடன் நடந்த வாதத்தின் நடுவே இந்நாடகம் தம் மனத்தில் உருப்பெறத் தொடங்கியதாக அவர் எழுதியிருக்கிறார்.

தர்மபுரத்துக் கவிஞன் தேவதத்தன், அந்தணன். அவன் உயிர் நண்பன் கபிலன், கொல்லரின் மகன், கட்டுடல் வாய்ந்தவன். பத்மினியை மணந்தால் காளிக்குக் கைகளையும் ருத்ரனுக்குத் தலையையும் தருவதாக தேவதத்தன் முன்பு வேண்டிக்கொண்டிருந்தான். மணமான பின் மூவரும் உஜ்ஜயினிக்குப் பயணம் போகிறார்கள். வழியில், சுமங்கலியின் குங்குமமும் கருகமணியும் தன் இதழிலேயே அமைந்த ஒரு பூவைப் பறிக்கக் கபிலன் மரத்தில் ஏறுகிறான். அவன் முதுகின் அசைவில் பத்மினியின் கண் நிலைத்துவிடுகிறது. கணவன் அதைப் பார்த்துவிடுகிறான். தாலி கட்டியவளின் அடையாளங்களைச் சுமந்த பூவே அவள் மனம் நழுவும் இடமாகவும் அமைவது நாடகத்தின் மிகக் கூர்மையான படிமம். வேண்டுதலைச் சாக்காக வைத்து தேவதத்தன் காளி கோயிலில் தலையை வெட்டிக்கொள்கிறான். நண்பனைத் தேடி வரும் கபிலனும் அவ்வாறே செய்கிறான். தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விடும் காளி, பத்மினியிடம் தலைகளைப் பொருத்தச் சொல்கிறாள். அவள் மாற்றி வைக்கிறாள். அது வெறும் பதற்றம்தானா என்பதைக் கார்னாட் திறந்தே விடுகிறார்.

முனிவர் ஒருவர் பழைய தீர்ப்பையே சொல்ல, பத்மினி தேவதத்தனின் தலையையும் கபிலனின் உடலையும் சேர்த்து அடைகிறாள். இந்த இன்பம் நிலைக்கவில்லை. நாளாக ஆகத் தலை உடலைத் தன் பழைய இயல்புக்கு இழுத்துக்கொள்கிறது. தேவதத்தன் மறுபடி மெலிந்து மென்மையாகிறான், காட்டிலிருக்கும் கபிலன் முறுக்கேறுகிறான். இதை முதலில் கண்டு பேசுபவை தொட்டிலருகே கிடக்கும் இரண்டு பொம்மைகள். அவள் கனவில் வருபவன் யார் என்பதும் அவற்றுக்குத் தெரியும். வெரோனாவின் காதலர்களான ரோமியோவையும் ஜூலியட்டையும் பிரித்தது இரு குடும்பங்களின் பகை. இங்கே தடை மனித உடலுக்குள்ளேயே இருப்பதால் சமாதானம் செய்துவைக்க எந்தப் பெரியவராலும் முடியாது. இறுதியில் பத்மினி குழந்தையோடு காட்டுக்குப் போகிறாள். தேடி வரும் தேவதத்தனும் அங்கிருக்கும் கபிலனும் வாளெடுத்துப் போரிட்டு மடிகிறார்கள். அவள் தீயில் இறங்குகிறாள். அந்த உடன்கட்டைக் காட்சி விமர்சகர்களிடையே விவாதத்துக்கு உள்ளானது. நண்பர்கள் இருவரும் சாவில்கூட ஒருவரையொருவர் புரிந்துகொள்ள, அவளுக்கு மட்டும் அந்த உறவில் இடமில்லாமல் போவதே துயரத்தின் உச்சம் என்று கொள்வது பொருந்தும்.

யானைமுகக் கடவுளுக்குச் செய்யும் வணக்கத்தோடு நாடகம் தொடங்குவது வெறும் மரபு அன்று. மனித உடலும் விலங்குத் தலையும் சேர்ந்த கணபதி முழுமையின் தெய்வம். அதே அமைப்பில் பிறந்த ஹயவதனனுக்கோ அது தீராத குறை. முழுமை வேண்டி அவன் காளியிடம் போக, அவள் அவனை முழுக் குதிரையாக்கிவிடுகிறாள். மனிதக் குரல் மட்டும் மிஞ்சுகிறது. அதுவரை பேசாதிருந்த பத்மினியின் மகன் சிரிக்கும்போது அதுவும் கனைப்பாக மாறுகிறது.

கதை சொல்லும் பாகவதர், இருவர் பிடித்து நிற்கும் அரைத்திரை ஆகியவை கார்னாட் சிறுவயதில் சிர்சியில் கண்ட யக்ஷகானக் கூத்திலிருந்து வந்தவை. சத்யதேவ் துபே 1972இல் மும்பையில் இதை இந்தியில் மேடையேற்றினார். காரந்த் தாமே இசையமைத்து, பெங்களூருவின் பெனகா குழுவுக்காகக் கன்னடத்தில் இயக்கினார். அந்தப் பாடல்கள் கன்னட நாடக ரசிகர்களிடையே தனியாகவும் புகழ்பெற்றன. கார்னாட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1975இல் நூலாக வந்தது. விஜயா மேத்தா 1984இல் ஜெர்மனியின் வைமார் நகரில் ஜெர்மன் நடிகர்களைக் கொண்டு இதை இயக்கினார்.